முந்தானைக்குள் சொன்ன எண்

சித்தூர்
2-3-2004

கண்ணு தேன்மொழிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் நைனாவும் கடையும் லாரியும் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம், அங்கே மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் தலைவலி காய்ச்சல் என்று எதுவும் அண்டாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் பக்கத்தில் டி.வி. சத்தமும் மாப்பிள்ளை குரலும் கேட்டது, நான் எதைச் சொன்னாலும் நீ ம் ம் என்றுதான் சொல்லிக்கினு இருந்தாய். நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ம் வாங்க எனக்கு இஷ்டமில்லை, அதனால் வைத்துவிட்டேன், இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஊர் சேதி. இந்த வருஷம் மாம்பூ நன்றாக வந்திருக்கிறது. குடிபாலா பக்கம் பெங்களூரா மாமரமெல்லாம் இலை தெரியாமல் பூத்து நிற்கிறது, பனி மட்டும் சீக்கிரம் விலகினால் போதும், ஆனியில் மண்டியில் கால் வைக்க இடமிருக்காது. மாங்கூழ் பாக்டரிக்காரர்கள் இப்போதே வந்து முன்பணம் தருகிறேன், காயை வேறு யாருக்கும் கொடுக்காதே என்கிறார்கள், நான் பிஞ்சு பிடிக்கட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று காபி மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன். நைனாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் டாக்டர் நடக்கச் சொன்னால் மார்க்கெட் யார்டு கேட் வரைக்கும் போய் போண்டா துன்னுட்டு வருகிறார், கேட்டால் நடந்துதானே போனேன் என்கிறார். நீ அடுத்த தடவை பேசும்போது நர்ஸ் குரலில் ஒரு அதட்டல் போடு, என் பேச்சு அவர் காதில் ஏறி வருஷக்கணக்காகிறது.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னதை நான் புரிந்துகொண்டது சரியா பார். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வரப்போகிற டயாலிசிஸ் மிஷினைப் பழகிக்கொள்ள உன்னை ஜெர்மனிக்கு இரண்டு வாரம் அனுப்புகிறார்கள், அத்தனை நர்ஸில் உன்னைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள், அதைக் கேட்டதும் நான் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன், கோபிக்காதே. மாப்பிள்ளை கூட வரமுடியாது. ரூமும் சாப்பாடும் ஆஸ்பத்திரியே பார்த்துக்கொள்ளும், கைச்செலவுக்குக் கவரில் கொஞ்சம் டாலர் போட்டுத் தருகிறேன், கார்டு எதற்கு, அங்கே எங்கேயாவது தொலைத்துவிடுவாய் என்று அவர் சொல்லிவிட்டார். நீ என்னிடம் கேட்டது, திருப்பதியில் யூரோ நோட்டு கிடைக்குமா அம்மா என்பது மட்டும்தான். கிடைக்கும் கண்ணு, மஸ்கட்டிலும் கிடைக்கும். ஆனால் நீ கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது, அதுவும் என் காதில் விழுந்தது. பாஷை தெரியாத ஊருக்கு முதல் தடவை தனியாகப் போகிறவள் கையில் தன் சம்பாத்தியத்தைத் தொடுவதற்கு ஒரு வழியும் இல்லாமல் போகலாமா என்பதுதான் அது. போகக் கூடாது. இதில் எனக்கு யோசனையே இல்லை, ஏன் என்று சொல்கிறேன்.

போன புரட்டாசியில் ஆயுத பூஜை முடிந்த கையோடு நான் மாங்காய் வியாபாரிகளோடு துபாய்க்குப் பழ மார்க்கெட் பார்க்கப் போனதும், அங்கிருந்து தனியாக பிளேன் ஏறி உன்னிடம் வந்ததும் உனக்குத் தெரியும். நடுவில் துபாய் ஏர்போர்ட்டில் நடந்ததை நான் உனக்கு முழுசாகச் சொல்லவில்லை, சொன்னால் நைனாவை நீ கிண்டல் பண்ணியே கொன்றுவிடுவாய் என்றுதான். கூட வந்தவர்கள் எல்லாரும் மெட்ராஸ் பிளேனுக்குப் போய்விட்டார்கள். எனக்கு உனக்காகக் கொண்டுவந்த வெல்லம், புளி, ஆவக்காய் ஊறுகாய் எல்லாம் சேர்ந்து பெட்டி எடை ஏறிவிட்டது, கூடுதல் எடைக்குத் திர்ஹாம் கட்டு என்று கவுண்டரில் இருந்த பெண் கையை நீட்டுகிறாள். கையில் இருந்த திர்ஹாமை அன்று காலையில்தான் உன் வீட்டுக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தீர்த்திருந்தேன். சரி, நம்ம திருப்பதி பாங்கு வேதாந்தம் சார் உலகம் பூரா செல்லும் என்று சொல்லிக் கொடுத்த கார்டு இருக்கிறதே என்று பெருமையாக எடுத்து நீட்டினேன். அவள் கார்டு தேய்க்கிற மிஷினில் ஒரு இழுப்பு இழுத்தாள், மறுபடி இழுத்தாள், இது செல்லாது அம்மா, தள்ளி நில்லுங்கள் என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்றவனைக் கூப்பிட்டாள். பணம் எடுக்கிற மிஷினில் கொண்டுபோய்ச் சொருகினேன், உள்ளே போன வேகத்தில் வெளியே துப்பிவிட்டது.

அப்புறம்தான் கார்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கறுப்பாக ஒரு பட்டை இருக்குமே, அதன் மேல் மூன்று விரல் சந்தனம் காய்ந்துபோய் ஓடுகிறது, நடுவில் குங்குமம். உங்க நைனா ஆயுத பூஜை அன்றைக்குத் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் கால்குலேட்டருக்கும் லாரி ஸ்டியரிங்குக்கும் பொட்டு வைத்தவர், என் பையிலிருந்து கார்டையும் எடுத்து முன்னாலும் பின்னாலும் அபிஷேகம் பண்ணி அதன் மேல் ஒரு பூவும் வைத்திருக்கிறார். முன்பக்கம் இருந்ததை நான் புறப்படும்போது துடைத்தேன், பின்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. ஊருக்கு வந்து சண்டை போட்டதற்கு, தராசுக்கு வெச்சா கார்டுக்கும் வைக்கணும், அதுவும் நீ தொழில் பண்ற சாமான்தானே, நான் என்ன தப்பு பண்ணிட்டேன் என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்.

குழாயில் முந்தானையை நனைத்துக்கொண்டு, அழுத்தாமல், பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி அந்தப் பட்டையைத் துடைத்துக் காயவைத்து மறுபடி மிஷினுக்குப் போனேன். நம்பர் கேட்டது. அங்கே முன்னும் பின்னும் ஜனம், உனக்குத் தெரியாததா, மண்டியில் விலை பேசும்போது ஆம்பளைகள் துண்டை விரித்து அதற்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள், நான் முந்தானையை விரித்துப் பேசுவேன், பழக்கதோஷம், முந்தானையால் மிஷினின் வாயை அப்படியே மூடிக்கொண்டு உள்ளே கையை விட்டு நம்பரை அமுக்கினேன். உடனே ஒரு போலீஸ்காரன் வந்துவிட்டான். துணிக்குள்ளே என்ன பண்றே என்று ஹிந்தியில் அதட்டினான். எனக்குத் தெரிந்த ஹிந்தியில், என் நம்பரைப் போடுறேன், உன் நம்பரை நீ எனக்குச் சொல்லுவியா என்று கேட்டேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நான் பணத்தை எடுத்து எண்ணி உள்ளே வைக்கிற வரைக்கும் எனக்கு முதுகைக் காட்டி நின்று யாரையும் பக்கத்தில் விடவில்லை. எடைக்குக் கட்டினேன், உன் ஆவக்காய் உன்னிடம் வந்தது.

இதில் நான் உனக்குச் சொல்ல வருவது கார்டின் பெருமை இல்லை. அந்தப் பெண் தள்ளி நில்லு என்று சொன்னபோது நான் பயப்படவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன். உள்பாவாடைப் பையில் டாலர் தைத்து வைத்திருந்தேன், கார்டு செத்தே போயிருந்தாலும் அதை மாற்றிக் கட்டியிருப்பேன். டாலரை யாராவது அறுத்துக்கொண்டு போயிருந்தால் கார்டு இருந்திருக்கும். நான் என்றைக்காவது எல்லாச் சரக்கையும் ஒரே லாரியில் ஏற்றினதைப் பார்த்திருக்கிறாயா.

அப்படி வந்து சேர்ந்த அம்மாவுக்கு உன் வீட்டில் என்ன கண்ணில் பட்டது தெரியுமா. என் செருப்பு வார் அறுந்தது என்று கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். நீதான் எடுத்தாய், நீதான் காலில் மாட்டிப் பார்க்கச் சொன்னாய், நீதான் விலை கேட்டாய், அப்புறம் கல்லாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டு வாசலையே பார்த்தாய், மாப்பிள்ளை காரை நிறுத்திவிட்டு வருகிற வரைக்கும். அவர் வந்து பர்சிலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தார். அதில் உன் பேர் இருந்தது. கூடையிலும் பெட்டியிலும் பேர் படித்துப் பிழைத்தவள் நான், அந்த அளவு இங்கிலீஷ் எனக்கு வரும். வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, அவர்கிட்டயே இருக்கட்டும்மா நான் தொலைச்சிடுவேன் என்று சிரித்தாய். நீயா தொலைப்பாய். ஒரு மனுஷனின் ரத்தம் முழுவதையும் உடம்புக்கு வெளியே எடுத்துச் சுத்தம் பண்ணி, ஒரு சொட்டுச் சிந்தாமல் திரும்ப உள்ளே விடுகிறவள், ஒரு பிளாஸ்டிக் துண்டைத் தொலைத்துவிடுவாளாம். அதை அவர் நம்பினால்கூடப் பரவாயில்லை, நீ நம்புகிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது நான் சொல்வதைச் செய். மாப்பிள்ளை தெலுங்கு படித்தவர், தமிழ் பேசுவார், எழுத்து தெரியாது. அதனால் இதற்கு அடுத்து நான் எழுதியிருப்பதை நீதான் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் சாப்பிட்டு முடித்து நல்ல மனசோடு இருக்கும்போது எதிரில் உட்கார்ந்து வாய்விட்டு வாசி. நடுவில் எதையும் முழுங்காதே, உன் சொந்தச் சரக்கை ஒன்றும் சேர்க்காதே.

மாப்பிள்ளை ரமணா அவர்களுக்கு உங்கள் அத்தை சொல்வது. உங்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, கார்வேட்டிநகரத்தில் அப்பா அம்மாவுக்கு வீடு கட்டுகிறீர்கள், அதில் என் மகள் சம்பளமும் போகிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான், நாளைக்கு அந்த வீட்டில் வந்து காபி குடிக்கப் போகிறவள் நான். நீங்கள் கார்டை வைத்திருப்பது ஜாக்கிரதைக்காக என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தொழில் விஷயம் கேளுங்கள். என் லாரி மெட்ராசுக்குப் போகிறது. லாரி என்னுடையது, சரக்கு என்னுடையது, ஆனால் டீசல் காசையும் வழிச்செலவையும் டிரைவர் கையில் கொடுத்துத்தான் அனுப்புகிறேன். அவன் நடுவழியில் செக்போஸ்டில் நின்றுகொண்டு எனக்கு போன் பண்ணிக் காசு கேட்டால் நான் இங்கிருந்து என்ன பண்ண முடியும், பழம் அங்கேயே அழுகும். போகிறவர் யாரோ அவர் கையில் இருக்க வேண்டும். தேன்மொழி போகிற ஊரில் அவள் பெட்டி வராமல் போகலாம், பிளேன் தப்பலாம், காய்ச்சலில் விழலாம். நீங்கள் கொடுத்த கவர் தீர்ந்ததும் முதல் போன் உங்களுக்குத்தான் வரும், ராத்திரியெல்லாம் தூங்காமல் தவிக்கப் போகிறவரும் நீங்கள்தான். அந்தத் தவிப்பு உங்களுக்கு வேண்டாம் என்று சொல்கிறேன். அவள் பேர் போட்ட சம்பளக் கார்டு ஜெர்மனிக்கு அவள் பையில் போகட்டும், திரும்பி வந்த பிறகும் அந்தப் பையிலேயே இருக்கட்டும். வீட்டுச் செலவை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள், நானும் மாமாவும் இத்தனை வருஷம் அப்படித்தான், சண்டை போட்டுக்கொண்டாவது பேசுகிறோம். நல்ல மனுஷன் என்று தெரிந்துதான் பெண்ணைக் கொடுத்தேன், என் கணக்கு தப்பாது.

தேனு, இதோடு நிறுத்து. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார். என்ன சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேள், அவசரப்பட்டுச் சமாதானமும் சொல்லாதே. விலை சொன்ன பிறகு முதலில் வாயைத் திறக்கிறவன் விட்டுக்கொடுப்பான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மீதியை அப்புறம் தனியாகப் படி.

படிக்கிறாயா. சரி. போகும்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கொஞ்சம் யூரோ நோட்டாகவே மஸ்கட்டில் வாங்கிக்கொள், பெரிய நோட்டு வேண்டாம், இறங்கினதும் டாக்சிக்கும் தண்ணீருக்கும் சில்லறையாக வேண்டும். இரண்டு கடையில் ரேட் கேட்காமல் மாற்றாதே. கமிஷன் இல்லை என்று போர்டு மாட்டி வைத்திருப்பவனிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேள், கமிஷன் வாங்காதவன் ரேட்டில் வாங்குவான், அந்தத் தொழில் எனக்குத் தெரியாதா. ஏர்போர்ட்டில் மாற்றாதே, எந்த ஊர் ஏர்போர்ட்டிலும் மாற்றாதே. பணம் எடுப்பதானால் பாங்கு சுவரோடு இருக்கிற மிஷினில் பகல் வேளையில் எடு, கார்டை முழுங்கினால் உள்ளே போய்க் கேட்க ஆள் இருக்கும். ஒவ்வொரு தடவைக்கும் பாங்கு கூலி பிடிக்கும், அதனால் காபிக்கு ஒரு தடவை பிஸ்கெட்டுக்கு ஒரு தடவை என்று போய் நிற்காமல் நாலு நாளைக்கு வேண்டியதைச் சேர்த்து எடு. கடையில் கார்டு கொடுத்தால் உன் கண் முன்னால்தான் தேய்க்க வேண்டும், உள்ளே எடுத்துப் போகிறேன் என்றால் நீயும் கூடப் போ, சிரித்துக்கினே போ. தொலைந்தால் கூப்பிட வேண்டிய பாங்கு போன் நம்பரை கார்டோடு வைக்காதே, வேறு பையில் வை. புறப்படுவதற்கு முன்னால் இன்ன ஊருக்குப் போகிறேன் என்று பாங்குக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு, இல்லாவிட்டால் எவனோ திருடன் எடுக்கிறான் என்று அவர்களே மூடிவிடுவார்கள், வேதாந்தம் சார் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அங்கே கடையே திறக்க மாட்டார்களாம், சனிக்கிழமையே ரொட்டி வாங்கி வைத்துக்கொள்.

எந்தக் கார்டு என்று கேட்பாய். மாப்பிள்ளை சரி என்று சொன்னால் உன்னிடம் இரண்டு கார்டு. சொல்லாவிட்டாலும் ஒன்று உண்டு. நீ திருப்பதியில் நர்சிங் படித்தபோது உன் பேரும் என் பேரும் சேர்த்து ஒரு கணக்கு திறந்தோமே, அதை நான் மூடவில்லை. ஒவ்வொரு சீசனிலும் உன் பங்கு என்று ஏதோ போட்டுக்கொண்டுதான் வருகிறேன். பிள்ளையாய் இருந்தபோது நீயும்தானே கூடை கூடையாய்ப் பழம் பிரித்தாய், அது கூலி, சீதனம் இல்லை, யாரும் கணக்குக் கேட்க முடியாது. அந்தக் கணக்குக்கு உன் பேர் போட்டு வெளிநாட்டிலும் செல்லுகிற கார்டு வந்துவிட்டது. உங்கள் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டுகிற தடா ஊர்க்காரர் நாகபூஷணம் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை கிளம்புகிறார், ரவிக்கைத் துணிக்குள் சுருட்டி அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், ஆவக்காய் பாட்டிலோடு வைக்கவில்லை. நைனா இதற்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று குங்குமத்தோடு வந்து நின்றார், உறைக்கு மேல் வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். அதனால் உறையில் குங்குமம் இருக்கும், கார்டில் இருக்காது, ஆனாலும் பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடு, அவரை நான் முழுசாக நம்பவில்லை.

பாங்கிலிருந்து ஒட்டின கவரில் ஒரு நம்பர் வந்தது. அதைத் திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மிஷினில் போட்டு நான் முன்பே நினைத்து வைத்திருந்த நம்பராக மாற்றிவிட்டு, கவரை அடுப்பில் போட்டுவிட்டேன். புது நம்பரை இதில் எழுத மாட்டேன், நாகபூஷணத்திடமும் சொல்லவில்லை, போனிலும் சொல்ல மாட்டேன். உனக்கு அது தெரியும். செருப்புக் கடையில் பார்த்ததுமே உனக்கு ஒரு கார்டு வாங்குவது என்று முடிவு பண்ணிவிட்டேன். நான் கிளம்பின அன்று மஸ்கட் ஏர்போர்ட்டில் மாப்பிள்ளை டிராலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார், நான் உன் கையைப் பிடித்து முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன், நினைவிருக்கிறதா. பிரிய மனசில்லாமல் அம்மா கையைப் பிடித்துக்கினு இருக்கிறாள் என்று நினைத்திருப்பாய். அதுவும் உண்மைதான். ஆனால் நான் நாலு தடவை பிடித்தேன், ஒவ்வொரு தடவையும் பிடித்த விரல் எண்ணிக்கை வேறு. விலை பேசுகிற மாதிரியே, ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மொத்தக் கையும் பிடித்தால் ஐந்து. மண்டியில் கூடை மேல் உட்கார்ந்து எட்டு வயசில் நீ கற்றுக்கொண்டது, மறந்திருக்க மாட்டாய். நான் பிடித்த வரிசையிலேயே போடு. அடுத்த தடவை லீவில் வரும்போது முதல் வேலையாக அதை மாற்றிவிடு, மாற்றினதை எனக்கும் சொல்லாதே.

ஏழுமலையான் உன் கூடவே இருக்கட்டும், நல்ல பேரோடு திரும்பி வா. குளிர் ஊர், காதை மூடிக்கொள், காலுக்குக் கெட்டியான சாக்ஸ் வாங்கு, அதற்கு யாரையும் கேட்காதே. கார்டு கைக்கு வந்ததும் போனில் ரவிக்கைத் துணி வந்தது என்று சொல், எனக்குப் புரியும்.

இன்னொன்று மட்டும். அன்றைக்கு நாலாவது பிடி முடிந்ததும் நீ முந்தானைக்குள்ளேயே என் கையை ஒரு தடவை அழுத்தி இறுக்கினாய். உன் கண்ணில் தண்ணீர். மண்டியில் அப்படி இறுக்கினால் ஒத்துக்கொண்டேன் என்று அர்த்தம், அதற்குப் பிறகு யாரும் பேச்சு மாறுவதில்லை. நீயும் மாறாதே.

இப்படிக்கு
உன் அம்மா
க. செல்லியம்மா
மாங்காய் மண்டி, சித்தூர்